ஸ்கங்க் வொர்க்ஸ்: பெரிய நிறுவனத்துக்குள் ஒரு சின்ன ரகசிய அணியை அமைப்பது எப்படி?

1943 ஜூன் மாதம். கலிஃபோர்னியாவின் பர்பேங்க் ஊரில் லாக்ஹீட் விமானத் தொழிற்சாலை இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. போர்க்காலம். கூடுதலாக ஒரு மேசை போடக்கூட இடமில்லை. அந்த நேரம் பார்த்து கெல்லி ஜான்சன் என்ற 33 வயது இன்ஜினியர் ஒரு வேலையை ஒப்புக்கொண்டார். ஜெர்மனி ஜெட் போர் விமானம் செய்துகொண்டிருக்கிறது, அமெரிக்காவுக்கும் ஒன்று வேண்டும், 180 நாளில்.

ஜான்சன் இன்ஜின்கள் வந்திறங்கிய மரப்பெட்டிகளைப் பிரித்துச் சுவர் எழுப்பினார். கூரைக்கு ஒரு சர்க்கஸ் கூடாரத்தை வாடகைக்கு எடுத்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. அதன் நாற்றம் குடலைப் பிடுங்கும். வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது. அரசின் முறையான ஒப்பந்தக் காகிதம் வேலை தொடங்கிச் சில மாதம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. எக்ஸ்பி-80 விமானம் 143 நாளில் தயாராகிவிட்டது.

ஒருநாள் இர்வ் கல்வர் என்ற இன்ஜினியர் அங்கே தொலைபேசியை எடுத்து, நிறுவனப் பெயருக்குப் பதிலாக ‘ஸ்காங்க் வொர்க்ஸ்’ என்று பதில் சொன்னார். ஸ்கங்க் என்பது வாலைத் தூக்கி நாற்றம் பீய்ச்சும் ஒரு சின்ன விலங்கு. அன்றைக்குப் பிரபலமாக இருந்த லில் ஆப்னர் படக்கதையில், செத்த ஸ்கங்கையும் பழைய செருப்பையும் போட்டு ஏதோ காய்ச்சும் ஓர் இடத்துக்கு அந்தப் பெயர். கிண்டல் ஒட்டிக்கொண்டது. படக்கதைக்காரர்கள் ஆட்சேபித்ததும் ‘ஸ்காங்க்’ என்பதை ‘ஸ்கங்க்’ என்று மாற்றிக்கொண்டார்கள். இன்று அது லாக்ஹீட் மார்ட்டினின் பதிவுபெற்ற வணிகக் குறி. ஆகவே பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் அணியின் பெயராக வைத்து வெளியே விளம்பரம் செய்வதென்றால் சட்டத்துறையை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனத்தின் வழக்கமான விதிகளிலிருந்து விலகி, குறைந்த ஆட்களோடு, மேலிடத்தின் நேரடி ஆதரவில், அதிகம் வெளியே தெரியாமல் புதிதாக ஒன்றைச் செய்துமுடிக்கும் அணி: நிர்வாக உலகில் இந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள். நானும் ஒருமுறை இப்படி ஓர் ஆறு பேர் அணியில் இருந்திருக்கிறேன். கீழே உள்ளதில் பாதி கெல்லி ஜான்சன் போன்றவர்களின் அனுபவம், மீதி நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. ரகசியத்தைப் பற்றித்தான் எல்லோரும் ஆர்வமாகக் கேட்பார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாம்பட்சம். முடிவெடுப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் நடுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது முதல் கேள்வி. செய்த பொருளைத் தாய் நிறுவனத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பது கடைசிக் கேள்வி, கடினமானதும் அதுதான்.

முதல் படி: இது உங்களுக்குத் தேவையா?

பெரும்பாலான நேரம் தேவையில்லை. இருக்கும் மென்பொருளை வேகமாக்க வேண்டும், செலவைக் குறைக்க வேண்டும், வாடிக்கையாளர் புகாரைத் தீர்க்க வேண்டும் என்றால் அதைச் செய்ய ஏற்கெனவே ஒரு துறை இருக்கும். அவர்களைத் தாண்டி ஒரு ரகசிய அணி அமைப்பது அவமதிப்பு. அதோடு, அந்தத் துறைக்கு இருக்கும் அறிவும் உங்களுக்குக் கிடைக்காது.

மூன்று சூழ்நிலைகளில் மட்டும் யோசிக்கலாம். செய்யப்போகும் பொருள் நிறுவனத்தின் இப்போதைய வருமானத்தையே கடிக்கக்கூடியது, அதனால் உள்ளே யாரும் மனமாரச் செய்யமாட்டார்கள். அல்லது, வழக்கமான ஒப்புதல் வழியில் போனால் காலம் கடந்துவிடும். அல்லது, வேலை முடியுமா முடியாதா என்பதே தெரியாது. தெரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆகும். ஐபிஎம் 1980-இல் முதல் இரண்டிலும் மாட்டிக்கொண்டிருந்தது. பெரிய கணினிகளை விற்றுக் கொழித்த நிறுவனம் அது. ஆப்பிள் போன்ற சின்ன நிறுவனங்கள் வீட்டுக் கணினியை விற்கத் தொடங்கியிருந்தன. ஐபிஎம்மின் சாதாரண வழியில் போனால் புதிய கணினி வெளிவரப் பல வருடம் ஆகும். அதனால்தான் பில் லோ என்பவர் ஃபுளோரிடாவில் ஒரு சின்னக் குழுவோடு, ஒரே வருடத்தில் முடிக்கிறேன் என்று கேட்டு வாங்கினார்.

இந்த மூன்றில் ஒன்றும் பொருந்தவில்லையா? இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நிறைய சிரமம் மிச்சம்.

இரண்டாம் படி: மேலே ஒரே ஒரு ஆள்

ஜான்சன் பிற்பாடு தன் முறையை 14 விதிகளாக எழுதினார். முதல் விதியே இதுதான்: அணித் தலைவருக்குத் திட்டத்தின் எல்லா அம்சங்களிலும் ஏறக்குறைய முழு அதிகாரம் இருக்க வேண்டும், அவர் பிரிவின் தலைவருக்கோ அதற்கும் மேலே உள்ளவருக்கோ மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

நம் அலுவலகங்களில் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ‘ஸ்டியரிங் கமிட்டி’ என்று ஒன்று போடுவார்கள். நிதி, மனிதவளம், தகவல் தொழில்நுட்பம், விற்பனை என்று ஏழெட்டுப் பேர். எல்லோரும் ஆதரவு என்பார்கள், எவரும் பொறுப்பில்லை. வேண்டாம் என்று சொல்ல மட்டும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. இந்தக் குழுவை ஒப்புக்கொண்டால் அணி பிறக்கும் முன்பே முடிந்தது.

உங்களுக்கு வேண்டியது நிறுவனத்தில் ‘ஆம்’ என்று சொன்னால் வேறு யாரும் ‘இல்லை’ என்று சொல்ல முடியாத ஒருவர். ஐபிஎம்மில் தலைவர் ஃபிராங்க் கேரியே அந்தக் கணினித் திட்டத்துக்குப் பின்னால் நின்றார். அப்படிப்பட்டவர் கிடைக்காவிட்டால் காத்திருங்கள்.

கிடைத்துவிட்டால், ஒரே பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். எங்களுடையதில் இவை இருந்தன: என்ன செய்கிறோம், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம், யாரை எடுத்துக்கொள்ளலாம், எந்த உள்விதிகளிலிருந்து விலக்கு, எந்த விதிகளிலிருந்து விலக்கே இல்லை. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பாதுகாப்பு, சட்டம், தணிக்கை, தனிநபர் தரவு ஆகியவற்றில் சலுகை கேட்கக்கூடாது. கொள்முதல் படிவம், வார அறிக்கை, மென்பொருள் வாங்க அனுமதி, வடிவமைப்பு மறுஆய்வுக் கூட்டம் போன்றவற்றில் மட்டும் கேளுங்கள். விலக்குகளைப் பெயர் சொல்லி எழுதவேண்டும். ‘தேவையான நெகிழ்வு வழங்கப்படும்’ என்று எழுதினால் அதற்கு அர்த்தமே கிடையாது.

இன்னொன்றும் எழுதியிருக்க வேண்டும், நாங்கள் எழுதவில்லை: முடித்ததும் இந்தப் பொருளை வாங்கிக்கொள்ளப்போவது யார்? இதற்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்றாம் படி: இலக்கு, ஒரு எண்

‘புதுமையான தீர்வுகளை உருவாக்குதல்’ இலக்கு ஆகாது. ஜான்சனின் அணி செய்த யு-2 உளவு விமானத்தின் இலக்கு 70,000 அடி உயரம். அந்த உயரத்தில் பறந்தால் அன்றைய சோவியத் போர் விமானங்கள் எட்டிப்பிடிக்க முடியாது. இந்த எண் கையில் இருந்ததால், எதையெல்லாம் துறக்கலாம் என்பது தானாகவே தெளிந்தது. எடை குறைய வேண்டும். சாதாரண விமானத்தின் சக்கர அமைப்பு எதற்கு? உடலுக்கு அடியில் சைக்கிள் போல் முன்னும் பின்னும் சக்கரம் போதும். இறக்கை சாயாமல் இருக்கத் தாங்கு சக்கரங்கள்; விமானம் மேலே கிளம்பியதும் அவை கழன்று ஓடுபாதையிலேயே விழுந்துவிடும். அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1954 நவம்பரில் ஒப்புதல் தந்தார். 1955 ஆகஸ்டில் விமானம் பறந்தது.

நம் ஊரிலும் ஓர் உதாரணம் உண்டு. ரகசிய அணி என்று அதைச் சொல்லமாட்டேன், ஆனால் இலக்கு என்றால் என்ன என்பதற்குப் பொருந்தும். ஓசூரில் டைட்டன் இன்ஜினியர்கள் உருவாக்கிய எட்ஜ் கைக்கடிகாரம் 2002-இல் வெளிவந்தது. மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். இப்படி ஒரு எண் முன்னால் இருந்தால் ‘முடிந்ததா, இல்லையா’ என்று கடைநிலைப் பணியாளர்கூடச் சொல்லிவிடுவார்.

உங்கள் இலக்கை ஒரு வரியில், ஒரு எண்ணோடு, ஒரு தேதியோடு எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையென்றால் அது ஆராய்ச்சி. அதற்கு வேறு வகை அணி வேண்டும்.

நான்காம் படி: ஆட்கள்

ஜான்சனின் மூன்றாம் விதி கொஞ்சம் முரட்டுத்தனமானது. திட்டத்தோடு தொடர்புள்ள ஆட்களின் எண்ணிக்கையை ஏறக்குறைய ஈவிரக்கமில்லாமல் குறைக்க வேண்டும் என்கிறது. வழக்கமாகத் தேவைப்படுவதில் 10 முதல் 25 சதவீதம் போதுமாம். ஐபிஎம்மில் தொடக்கக் குழு ஒரு டஜன் பேர்தான்.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? சம்பளத்தை மிச்சம் பிடிக்க இல்லை. ஆறு பேர் இருந்தால் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் பேசிமுடிக்கலாம். முப்பது பேர் ஆனால் கூட்டம், கூட்டக் குறிப்பு, குறிப்பைச் சரிபார்க்க ஒருவர், அவருக்கு ஒரு மேலாளர் என்று வளரும். ஊர் கூடித் தேர் இழுக்கலாம். தேரைச் செதுக்கச் சில தச்சர்கள்தான் வேண்டும்.

யாரை எடுப்பது? மிகப் பெரிய மூளைக்காரரைத் தேடாதீர்கள். தன் வேலையை முடித்துவிட்டுப் பக்கத்து மேசையில் என்ன சிக்கல் என்று எட்டிப்பார்ப்பவரைத் தேடுங்கள். எங்கள் அணியில் மிகவும் பயன்பட்டவர் வாடிக்கையாளர் சேவையிலிருந்து வந்தவர். மென்பொருள் நிரல் எழுதத் தெரியாது. ஆனால் எந்தத் திரையில் மக்கள் தடுமாறுவார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். கொள்முதல் தெரிந்த ஒருவரும் கட்டாயம் வேண்டும். நல்ல இன்ஜினியர்கள் நான்கு பேர், ஒரு சின்ன உதிரி பாகத்துக்காக மூன்று வாரம் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆளைத் தேர்ந்தெடுத்தால் போதுமா? அவருடைய மேலாளர் விடமாட்டார். ‘வாரத்துக்கு ஒருநாள் தருகிறேன்’ என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவரால் இரண்டு இடத்திலும் பயனில்லை. முழு நேரமாகத் தர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பாருங்கள். இங்கேதான் மேலே இருக்கும் அந்த ஒருவரின் தொலைபேசி உதவும். அதையும் அளவோடு பயன்படுத்துங்கள். பிடுங்கிக்கொண்டு போன ஆளின் பழைய துறை அதை மறக்காது.

வருகிறவர்களுக்கும் பயம் இருக்கும். ‘திட்டம் ஊத்திக்கொண்டால் என் கதி?’ நியாயமான கேள்வி. பழைய இடத்துக்கோ அதற்குச் சமமான இடத்துக்கோ திரும்பலாம் என்று எழுத்தில் கொடுங்கள். வருடாந்திர மதிப்பீட்டை யார் செய்வார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பழைய மேலாளரிடம் விட்டால், ‘இந்த வருடம் எனக்காக எதுவும் செய்யவில்லை’ என்று நடு மதிப்பெண் போட்டுவிடுவார். ரகசிய வேலை வேறு; செய்ததைச் சொல்லவும் முடியாது.

ஜான்சனின் கடைசி விதி இதைத் தொடுகிறது: அணியில் ஆட்கள் குறைவு என்பதால், ஒருவருக்குக் கீழே எத்தனை பேர் என்ற கணக்கை விட்டுவிட்டு, நல்ல வேலைக்கு நல்ல சம்பளம் தர வழி செய்ய வேண்டும். ‘உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?’ என்று நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியாகக் கேட்கும் நம் மென்பொருள் நிறுவனங்களில் இந்த விதி ஒரு புரட்சி.

ஐந்தாம் படி: இடம்

தனி அறை வேண்டும். ஆடம்பரம் வேண்டாம். வரைபவரும் செய்பவரும் பேச்சு கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். ஜான்சனின் இன்ஜினியர்கள் பட்டறையை ஒட்டியே உட்கார்ந்தார்கள். ஐபிஎம் அணி இருந்த போக்கா ராட்டன், நியூயார்க் மாநிலத்திலிருந்த தலைமையகத்திலிருந்து சுமார் ஆயிரம் மைல். அந்தத் தூரமே பாதிப் பாதுகாப்பு, யாரும் சும்மா எட்டிப்பார்க்க வரமாட்டார்கள். வேறு ஊர் முடியாவிட்டால் வேறு மாடி. வீட்டிலிருந்தே எல்லோரும் வேலை செய்யும் அணியாக இதை நடத்த முடியுமா என்று கேட்கிறார்கள். முதல் மூன்று மாதமாவது ஒரே அறையில் இருங்கள்.

ஆறாம் படி: ரகசியம், யாரிடமிருந்து?

லாக்ஹீடுக்கு ரகசியம் உயிர்ப் பிரச்சினை. 1981-இல் முதன்முதலில் பறந்த எஃப்-117 ராடாருக்கு எளிதில் தெரியாத விமானம். அப்படி ஒன்று இருப்பதையே அமெரிக்க அரசு 1988 நவம்பரில்தான் ஒப்புக்கொண்டது. உங்கள் கைபேசிச் செயலிக்கு அந்த அளவு பூட்டு தேவையில்லை.

ஒரு தாளில் கோடு போட்டு எழுதுங்கள். போட்டியாளருக்கு என்ன தெரியக்கூடாது? வாடிக்கையாளருக்கு? சக ஊழியருக்கு? நிதித் துறைக்கும் சட்டத் துறைக்கும் தணிக்கையாளருக்கும் எதையும் மறைக்கக்கூடாது. அந்தத் துறைகளில் தலா ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள். பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனமாக இருந்தால், எதை எப்போது வெளியிட வேண்டும் என்ற கடமைகள் உண்டு. அதை அந்தச் சட்டத்துறை ஆள் பார்த்துக்கொள்வார்.

சக ஊழியர் விஷயம் நுட்பமானது. அணி இருப்பதையே மறைத்தால் வதந்தி கிளம்பும்: ‘ஆள் குறைப்புக்குத் திட்டம் போடுகிறார்கள்.’ எங்கள் அறைக் கதவுக் கண்ணாடியில் நாங்கள் பழுப்புக் காகிதம் ஒட்டினோம். மூன்றே நாளில் எங்கள் தளத்தை விற்கப்போகிறார்கள் என்று கேன்டீனில் பேச்சு. காகிதத்தைக் கிழித்துவிட்டு, ‘ஒரு புதிய பொருளைச் சோதிக்கிறோம், டிசம்பரில் காட்டுகிறோம்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பியதும் எல்லோருக்கும் ஆர்வம் போய்விட்டது. அணி இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள், என்ன செய்கிறது என்பதை மட்டும் மூடி வையுங்கள்.

ஏழாம் படி: பணமும் குறிப்பேடும்

யு-2 திட்டத்தின் தொடக்கத்தில் சிஐஏ 12 லட்சம் டாலருக்கும் மேல் மதிப்புள்ள காசோலைகளை ஜான்சனின் வீட்டு முகவரிக்கே தபாலில் அனுப்பியது. உங்கள் நிதித்துறை அப்படிச் செய்யாது, செய்யவும் கூடாது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு பாடம் இருக்கிறது: பணம் வேலைக்கு முன்னால் வர வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் ஒப்புதல் கேட்டால் அணியின் வேகம் ஒப்புதல் தருபவரின் வேகம்தான். மூன்று மாதத் தொகையை மொத்தமாக வாங்குங்கள்.

சுதந்திரத்துக்கு விலை உண்டு. மாதம் ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். இதுவரை செலவானதோடு, முடிக்க இன்னும் எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்து. இது ஜான்சனின் ஆறாம் விதி. இரண்டாவது எண் தான் உங்களைத் தூங்கவிடாது. மறைக்கத் தோன்றும் எண்ணும் அதுதான்.

ஐந்தாம் விதி எனக்கு மிகவும் பிடித்தது: அறிக்கைகள் குறைவாக இருக்கட்டும், ஆனால் முக்கியமான வேலை முழுமையாகப் பதிவாக வேண்டும். இரண்டும் முரண் போலத் தெரியும். ஜான்சனின் அணி பிளாக்பேர்ட் என்ற அதிவேக உளவு விமானங்களைச் செய்யும்போது நடந்ததைக் கேட்டால் புரியும். அவற்றின் உடல் பெரும்பாலும் டைட்டானியம். கோடையில் பற்றவைத்த தகடுகள் சீக்கிரம் கெட்டன. குளிர்காலத்தில் வைத்தவை நன்றாக இருந்தன. ஒரே ஆட்கள், ஒரே முறை. பதிவுகளைத் தேடிப்பார்த்தபோதுதான் தெரிந்தது, பாசி பிடிக்காமல் இருக்க பர்பேங்க் நகராட்சி கோடையில் குடிநீரில் குளோரின் கலக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் தகடுகளைக் கழுவுகிறார்கள். காய்ச்சி வடித்த நீருக்கு மாறினார்கள், தீர்ந்தது. எந்தத் தகடு எப்போது செய்யப்பட்டது என்று யாரோ ஒழுங்காக எழுதி வைத்திராவிட்டால்?

மேலே அனுப்பும் அறிக்கையில் கஞ்சத்தனம் காட்டுங்கள், உங்களுக்கான குறிப்பேட்டில் காட்டாதீர்கள். என்ன முயன்றோம், ஏன் விட்டோம் என்று தினமும் நான்கு வரி.

எட்டாம் படி: வேலை செய்யும் விதம்

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் புதுமை செய்யுங்கள், மற்றதை எல்லாம் கடையில் வாங்குங்கள். எஃப்-117 விமானத்தில் புதுமை அதன் வடிவத்தில்தான். இன்ஜின் எஃப்/ஏ-18 இன்ஜினின் ஒரு வகை. பறப்பைக் கட்டுப்படுத்தும் அமைப்பு எஃப்-16 இலிருந்து வந்தது. ஐபிஎம்மும் இப்படித்தான் செய்தது. இன்டெல்லின் செயலி, மைக்ரோசாஃப்டின் இயங்குதளம், வெளியிலிருந்து வாங்கிய வட்டு இயக்கி. 1981 ஆகஸ்ட் 12 அன்று 1,565 டாலர் தொடக்க விலையில் பிசி வெளிவந்தது. சொன்னபடி ஒரே வருடம்.

ஆனால் கடையில் வாங்கியதை அடுத்தவரும் வாங்கலாம். 1982 முடியுமுன்பே காம்பாக் நிறுவனம் ஐபிஎம் பிசியின் மென்பொருளை அப்படியே ஓட்டும் கணினியை அறிவித்துவிட்டது. நாளடைவில் அந்தச் சந்தையில் அதிக லாபம் பார்த்தவர்கள் இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும். எதை வாங்கலாம், எதை மட்டும் நம் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வியை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். அணியில் ஒருவர் அரை நாள் உட்கார்ந்து யோசித்தால் போதும்.

மற்றபடி வாரத்துக்கு ஒருமுறை ஓடும் ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள், பவர்பாயின்ட் வேண்டாம். உண்மையான பயனர்களில் ஐந்தாறு பேரை ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே அழைத்து வாருங்கள். ரகசியத்தின் பெயரால் பயனர் முகத்தையே பார்க்காத அணிகள் அழகான பொருளைச் செய்து, யாருக்கு என்று தெரியாமல் நிற்கின்றன.

ஒன்பதாம் படி: நிறுத்தத் தெரிதல்

1950-களின் நடுவில் ஜான்சனின் அணி சன்டான் என்ற ரகசியத் திட்டத்தில் இருந்தது. திரவ ஹைட்ரஜனில் ஓடும் உளவு விமானம். வேலை நன்றாகத்தான் போனது. ஆனால் எவ்வளவு தலைகீழாக நின்றாலும் பறக்கும் தூரத்தைக் கூட்ட முடியாது என்று கணக்கு சொன்னது. ஜான்சனே விமானப்படையிடம் போய் இதை நிறுத்திவிடுங்கள் என்றார். தன் அணிக்கு வந்த பணத்தைத் தானே வேண்டாம் என்பவர் எத்தனை பேர்? அடுத்த திட்டத்துக்கு அவர் கேட்டபோது நம்பிக் கொடுத்தார்கள் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் எக்ஸ் பிரிவு இதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறது. திட்டத்தைத் தாங்களே நிறுத்தும் அணிகளுக்குப் பாராட்டும் போனஸும் தருவதாக அதன் தலைவர் ஆஸ்ட்ரோ டெல்லர் பொதுமேடையில் சொல்லியிருக்கிறார். கடல்நீரிலிருந்து எரிபொருள் செய்யும் ஃபாக்ஹார்ன் திட்டம் தொழில்நுட்பத்தில் வென்றும், விலை கட்டுப்படியாகாததால் நிறுத்தப்பட்டது.

தொடங்கும் அன்றே, எந்த நிலை வந்தால் நிறுத்துவோம் என்று எழுதிவிடுங்கள். ஒரு வருடம் உழைத்த பிறகு எழுத முடியாது. அப்போது எல்லாமே ‘இன்னும் இரண்டே மாதம்’ தான்.

பத்தாம் படி: திரும்பி வருதல்

வெளியே போவது சுலபம். ஆப்பிளில் மேக்கின்டாஷ் அணி தங்கள் கட்டடத்தின் மேல் கடற்கொள்ளையர் கொடியை ஏற்றியது நிறையப் பேருக்குத் தெரியும். கறுப்புத் துணி, மண்டை ஓடு, ஒற்றைக் கண்ணில் வானவில் நிற ஆப்பிள் சின்னம். படம் பார்க்க உற்சாகமாக இருக்கும். ஆனால் அந்த வருடங்களில் நிறுவனத்துக்குச் சோறு போட்டது ஆப்பிள் 2 கணினி. அதைச் செய்தவர்கள் அந்தக் கொடியை எப்படிப் பார்த்திருப்பார்கள்? 1984 ஜனவரியில் மேக் வந்தது. 1985 தொடக்கத்தில், ஆப்பிள் 2-ஐ வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக் விலகினார். ஆப்பிள் 2 அணி மதிக்கப்படவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், மேக் அணியை நடத்திய ஸ்டீவ் ஜாப்ஸும் வெளியேறினார். மேக் பிழைத்தது. இருந்தாலும், கொடி ஏற்றாமலே அதைச் செய்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஜெராக்ஸ் இன்னொரு வகை. பாலோ ஆல்டோவில் இருந்த அதன் ஆராய்ச்சிக் கூடம் 1973-லேயே சுட்டியும் வரைபடத் திரையும் கொண்ட ஆல்ட்டோ கணினியைச் செய்துவிட்டது. நகலெடுக்கும் இயந்திரம் விற்ற தாய் நிறுவனத்துக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. லேசர் பிரின்டர் மட்டும் அவர்களுக்குப் புரிந்தது, காகிதம் வெளியே வருகிறதே. அதில் நல்ல காசு பார்த்தார்கள்.

ஆகவே ஒப்படைப்பைப் பொருள் தயாரான பிறகு யோசிப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. பொருளை ஏற்கப்போகும் துறையிலிருந்து ஒருவரை, திட்டத்தின் பாதியிலாவது, அணிக்குள் கொண்டுவாருங்கள். பார்வையாளராக இல்லை, வேலை செய்பவராக. அவர் சொல்லும் ‘இதை எங்களால் பராமரிக்க முடியாது’ என்பதை எரிச்சலில்லாமல் கேளுங்கள். முடித்த பின், உங்கள் அணியிலிருந்து இரண்டு பேர் குறைந்தது ஆறு மாதம் அந்தத் துறையில் போய் உட்கார வேண்டும். வேகத்தில் விட்ட ஓட்டைகள் அப்போதுதான் தெரியும். எக்ஸ்பி-80 விமானத்தை 1944 ஜனவரி 8 அன்று முதன்முதலில் பறக்கவிட்ட விமானி மைலோ பர்ச்சம், அதே ஆண்டு அக்டோபரில் அடுத்த கட்ட மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டபோது எரிபொருள் பம்ப் செயலிழந்து இறந்துபோனார். 143 நாள் கதையைச் சொல்லும்போது இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

ஒப்படைக்கும் பட்டியலில் இவை இருக்கட்டும்: இயங்கும் பொருள், அதன் செலவுக் கணக்கு, நமக்குப் பாகங்கள் விற்ற நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தங்கள், தெரிந்த குறைகள், அந்தத் தினசரிக் குறிப்பேடு, எல்லாக் கணக்குகளின் கடவுச்சொற்கள். வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தும் வேண்டும். கையெழுத்துப் போட ஒருவரும் முன்வரவில்லை என்றால் உங்கள் பொருளுக்கு வீடு இல்லை. மேலே இருக்கும் அந்த ஒருவரிடம் அன்றே போங்கள்.

எங்கள் ஆறு பேர் அணிக்கு அந்த ஒருவர் இல்லாமல் போனார். ஒன்பதாம் மாதம் அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். பொருள் ஓடியது, டிசம்பரில் எல்லோருக்கும் காட்டினோம், கைதட்டினார்கள். ஏற்றுக்கொள்ள எந்தத் துறையும் இல்லை. எங்களை அவரவர் பழைய இடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்து, அங்கே இன்னும் வேலை பார்க்கும் ஒரு தோழி அழைத்தார். வேறொரு குழு அதே சிக்கலை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறதாம். உங்கள் பழைய கோப்புகள் கிடைக்குமா என்று கேட்டார். சர்வரின் பெயர் ஞாபகம் இருந்தது. கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை.